நாள்தோறும் நாளிதழ்



கேரளத்தில் உள்ள கண்ணூர் பீடித் தொழிலுக்குப் பேர் பெற்றது. அங்கே தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். கைக்கு ஓயாத வேலை. காதுக்கு வேலை இல்லை. அதனால் தங்களில் ஒருவரை நாளிதழ் படிக்கச் சொன்னார்கள். அவர் உரக்கப் படித்தார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றினார்கள்.

படித்தவருக்குக் கூலி? சுற்றும் பீடிக்குத்தானே கூலி! மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பீடி சுற்றி அவருக்குக் கொடுத்தார்கள். செய்தி கேட்க, ஏழைகள் தங்கள் உழைப்பையே கொடுத்தார்கள்! கேட்டதைப் பற்றி விவாதித்தார்கள். பள்ளிக்கூடம் போகாதவர்களும் நாட்டு நடப்பை அறிந்தார்கள். 1969இல் தொடங்கப்பட்ட, தொழிலாளர்களின் தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கத்திலும் இந்த வழக்கம் தொடர்ந்தது.

உங்களுக்கு இப்போது எழுத்து தெரியும். படிக்காமல் விட்டால் கற்ற எழுத்து மறந்துபோகும். நாள்தோறும் 15 நிமிடம் ஒதுக்குங்கள். முதலில் தலைப்புகளைப் படியுங்கள். பிறகு ஒரு செய்தியை முழுவதும் படியுங்கள். விலைவாசி, மழை, அரசு அறிவிப்பு எதுவானாலும் சரி. புரியாத சொல்லைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 'இது உண்மைதானா?' என்றும் யோசியுங்கள்.

வாங்க வசதி இல்லையா? நூலகத்துக்குப் போங்கள். அல்லது பத்துப் பேர் சேர்ந்து ஒரு நாளிதழ் வாங்குங்கள். படிக்கத் தெரியாதவர் பக்கத்தில் இருந்தால், உரக்கப் படியுங்கள்.