மார்த்தாள் செய்தது வேலையா, ஊழியமா?

எபிசோட் 37 – பேச்சின் திருத்திய எழுத்து வடிவம்

பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே கேக்குறவங்க, ஆபீஸ் பஸ்ல ஹெட்போன் மாட்டிக்கிட்டு கேக்குறவங்க, பிள்ளையைத் தூங்க வச்சுட்டு சத்தத்தைக் குறைச்சு வச்சுக் கேக்குறவங்க, எல்லாருக்கும் நன்றி.

இன்னிக்குப் பேசப் போற விஷயம் ஒரு வாய்ஸ் நோட்டுல இருந்து வந்தது. அனுப்புனது ஒரு அக்கா. ரெண்டு சின்னப் பிள்ளைங்க, கூடவே படுத்த படுக்கையா இருக்குற மாமனார். காலையில அஞ்சு மணிக்கு எழும்புனா, படுக்க ராத்திரி பதினொண்ணு ஆயிடும். அவங்க கேட்டது இதுதான்: "கல்யாணத்துக்கு முன்னாடி ஞாயிறு பள்ளியில பாடம் எடுத்தேன், கொயர்ல பாடுனேன். இப்போ வேதத்தைத் திறந்து உக்கார பத்து நிமிஷம் கிடைக்கல. ஊழியம்னு சொல்லிக்க எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. நான் கர்த்தரை விட்டுத் தூரமாப் போயிட்டேனா?"

காலையில இன்னும் அரை மணி நேரம் முன்னாடி எழும்புங்கன்னு சொல்லலாம். பல பேர் அதைத்தான் சொல்லுவாங்க. அஞ்சு மணிக்கு எழும்புறவங்ககிட்ட நாலரைக்கு எழும்புங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல. அவங்க பேச்சுல வந்த "ஊழியம்"கிற வார்த்தைதான் என்னைப் பிடிச்சு நிறுத்துச்சு. மாமனாருக்குப் படுக்கை மாத்துறாங்க, நாலு பேருக்குச் சமைக்கிறாங்க, பிள்ளைங்களுக்கு ராத்திரி ஜெபம் சொல்லிக் குடுக்குறாங்க. ஆனா ஊழியம் ஒண்ணும் இல்லையாம். இந்தக் கணக்கு எங்க தப்பாச்சுன்னு பாக்கலாம்.

ஒரே வார்த்தை, ரெண்டு மொழிபெயர்ப்பு

லூக்கா 10-ம் அதிகாரம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. இயேசு மார்த்தாள் வீட்டுக்கு வர்றார். மரியாள் அவர் பாதத்துல உக்காந்து கேக்குறா. மார்த்தாள் அடுப்படியில ஓடிக்கிட்டு இருக்கா. அவ என்ன செஞ்சான்னு நம்ம பழைய தமிழ் மொழிபெயர்ப்பு சொல்றப்போ "வேலை"ங்கிற வார்த்தையைப் போடுது.

இப்போ அப்போஸ்தலர் 6-க்கு வாங்க. எருசலேம் சபையில அன்றாடம் சாப்பாடு பங்கிடுறதுல ஒரு பிரச்சினை. கிரேக்கம் பேசுற விதவைகள் விடுபட்டுப் போறாங்க. அப்போஸ்தலர்கள், நாங்க ஜெபத்துலயும் வசனத்தைப் போதிக்கிறதுலயும் நிலைச்சிருக்கணும்னு சொல்றாங்க. அந்த இடத்துல தமிழ்ல வர்ற வார்த்தை "ஊழியம்".

கிரேக்க மூலத்துல ரெண்டு இடத்துலயும் இருக்குறது ஒரே வார்த்தை: தியாகோனியா. விதவைகளுக்குச் சாப்பாடு பங்கிட்டதுக்கும் அதே வார்த்தைதான். மார்த்தாள் அடுப்படியில செஞ்சதும் தியாகோனியா, அப்போஸ்தலர்கள் பிரசங்க மேடையில செஞ்சதும் தியாகோனியா. தமிழுக்கு வர்றப்போ ஒண்ணு வேலை ஆயிடுச்சு, இன்னொண்ணு ஊழியம் ஆயிடுச்சு. மொழிபெயர்த்தவங்களைக் குறை சொல்லல. இடத்துக்குத் தக்கபடி வார்த்தை போட்டாங்க. ஆனா நம்ம வீடுகள்ல அந்தப் பிரிவினை அப்படியே உக்காந்துக்கிச்சு. வாசல்படிக்கு வெளியே செஞ்சா ஊழியம், உள்ளே செஞ்சா வேலை.

ஒருத்தர் கேக்கலாம்: "வசனத்தை விட்டுட்டுப் பந்தி விசாரிக்கிறது தகாதுன்னு அப்போஸ்தலர்களே சொன்னாங்களே, அப்போ பந்தி கீழதானே?" நியாயமான கேள்வி. அடுத்து அவங்க என்ன செஞ்சாங்கன்னு படிங்க. பந்தியைக் கவனிக்க ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாங்க. தகுதி என்ன? நல்ல பேர் வாங்கியிருக்கணும், பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைஞ்சிருக்கணும். சாப்பாடு பங்கிடுற ஆளுக்கு இந்தத் தகுதி! ஸ்தேவானும் பிலிப்பும் அந்த ஏழு பேர்ல இருக்காங்க. அவங்க தலைமேல கைவச்சு ஜெபம் பண்ணி அனுப்புனாங்க. இன்னொண்ணையும் கவனிங்க. ஏழு பேருமே ஆம்பளைங்க.

மார்த்தாளை லூக்காவோட விட்டுடக் கூடாது

மார்த்தாளைப் பத்திப் பிரசங்கம் பெரும்பாலும் லூக்கா 10-ல தொடங்கி அங்கேயே முடிஞ்சிடும். "மார்த்தாளா இருக்காதீங்க, மரியாளா இருங்க." ஆராதனை முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் எல்லாருக்கும் பசிக்கும், மரியாளா இருக்கச் சொல்லப்பட்ட அம்மா நேரா அடுப்படிக்குப் போவாங்க.

யோவான் சுவிசேஷத்துல மார்த்தாள் மறுபடியும் வர்றா. லாசரு இறந்து நாலு நாள் ஆச்சு. இயேசு வர்றார்னு கேள்விப்பட்டதும் எழும்பி எதிர்கொண்டு போறது மார்த்தாள். மரியாள் வீட்டுல உக்காந்திருக்கா. வழியில நின்னுக்கிட்டு, துக்கத்துக்கு நடுவுல, நீரே கிறிஸ்து, தேவகுமாரன்னு மார்த்தாள் அறிக்கை பண்றா. பேதுரு பண்ணுன அறிக்கையைப் பத்தி நூறு பிரசங்கம் கேட்டிருப்போம். கிட்டத்தட்ட அதே அறிக்கையைப் பண்ணுனது, அடுப்படியில ஓடிக்கிட்டு இருந்தவன்னு நாம சொன்ன அதே பொம்பளை.

யோவான் 12-ல பெத்தானியாவுல ஒரு ராத்திரி விருந்து. லாசரு பந்தியில இருக்கான். மரியாள் பரிமள தைலத்தை ஊத்துறா. மார்த்தாள் பணிவிடை செய்யுறா. மூலத்துல அதுவும் அதே வார்த்தையோட வினைச்சொல்தான். இந்தத் தடவை அவ முறையிடல. இயேசு அவளைத் திருத்தவும் இல்ல.

அப்போ லூக்கா 10-ல அவர் எதைத் திருத்துனார்? நான் படிச்சுப் புரிஞ்சுக்கிட்ட வரைக்கும், சமையலை அவர் குறை சொல்லல. அந்த வீட்டுல சாப்பிடத்தானே வந்தார். பேரை ரெண்டு தடவை சொல்லிக் கூப்பிட்டு, அவளோட கவலையையும் கலக்கத்தையும்தான் தொட்டார். மரியாளுக்குக் கிடைச்ச நல்ல பங்கு மரியாளுக்கு மட்டும்னு அவர் சொல்லல. மார்த்தாளும் வந்து உக்காரணும். வேலை செய்யுறவளுக்கு உக்கார ஒரு முறை வரணும்னா, உக்காந்திருக்குறவங்க எழும்ப ஒரு முறை வரணும். இந்தப் பாதியைத்தான் நாம பேசுறதே இல்ல.

கத்தோலிக்கச் சபையில ஜூலை 29 மார்த்தாளோட நினைவு நாள். 2021-ல போப் பிரான்சிஸ் காலத்துல, அந்த நாளை மார்த்தாள், மரியாள், லாசரு மூணு பேருக்கும் சேர்த்த நாளா மாத்துனாங்க. எனக்கு அது பிடிச்சிருந்தது. ஒரே வீடு, மூணு பேர், ஒரே நாள்.

அசனத்துல தூக்குற வாளி

தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் சபைகள்ல அசனம் நடக்குறதைப் பாத்தவங்களுக்கு நான் சொல்லப்போறது உடனே புரியும். முந்தின நாள் ராத்திரியே ஆம்பளைங்க உக்காந்து வெங்காயம் உரிப்பாங்க, காய் நறுக்குவாங்க. பெரிய அண்டாவுல சோறு வேகும். வாலிபர்கள் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு குழம்பு வாளியைத் தூக்கிட்டு வரிசை வரிசையா ஓடுவாங்க. "இந்தப் பக்கம் சோறு வரல" அப்படின்னு ஒரு தாத்தா சத்தம் போட்டா, நாலு பேர் ஓடி வருவாங்க. கடைசிப் பந்தி முடியுற வரைக்கும் அவங்க சாப்பிட மாட்டாங்க. அது அவங்களுக்குப் பெருமை. கர்த்தருக்குச் செய்யுற ஊழியம்னு மனசார நம்பிச் செய்வாங்க. அது உண்மையும்கூட.

அதே கை வீட்டுல ஒரு தட்டை எடுத்துக் கழுவ ஏன் யோசிக்குது? கைக்கு வேலை தெரியும். இந்தப் பக்கம் அதுக்கு இருக்குற பேர் வேற, அவ்வளவுதான்.

நான் இன்ஜினியர், நம்பரைப் பாக்காம இருக்க முடியாது. 2019-ல மத்திய அரசோட தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல, சம்பளமில்லாத வீட்டு வேலையில ஈடுபடுறவங்க 6 வயசுக்கு மேற்பட்ட பெண்கள்ல 81.2 சதவீதம், ஆண்கள்ல 26.1 சதவீதம். ஈடுபடுற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியா 299 நிமிஷம் செலவழிக்கிறாங்க, ஆண்கள் 97 நிமிஷம். 299 நிமிஷம்னா கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். அந்த அக்காவுக்குப் பத்து நிமிஷம் எங்க போச்சுன்னு இப்போ தெரியுதா?

நம்ம பாட்டிமாருக்கு இது வேற வழியில தெரிஞ்சிருந்தது. கைப்பிடி அரிசி ஞாபகம் இருக்கா? உலை வைக்கிறப்போ ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி அரிசியைத் தனியா ஒரு கலயத்துல போட்டு வச்சு, சபைக்குக் கொண்டு போய்க் குடுக்குறது. மிசோரம்ல பிரஸ்பிட்டேரியன் சபையில 1910-ல தொடங்குன இந்த வழக்கம் இன்னிக்கு வரைக்கும் நடக்குது. அங்க சபை ஊழியத்துக்கான வருமானத்துல அது ஒரு பெரிய பங்கு. கையில காசே இல்லாத பொம்பளைங்க சமையல் பாத்திரத்துல இருந்து மிஷன் வேலையை நடத்தியிருக்காங்க. அந்த ஒரு பிடி அரிசி காணிக்கைன்னா, பானையில மீதி இருக்குற அரிசி மட்டும் என்ன, வேற கடவுளுக்கா?

மணி அடிக்க ஆள் வேணும்

இந்த விஷயத்துல பலரும் சகோதரர் லாரன்ஸைச் சொல்லுவாங்க. 17-ம் நூற்றாண்டுல பாரிஸ்ல கார்மேல் சபை மடத்துல சமையற்கட்டுல வேலை பாத்தவர். சமையல் வேலை இயல்பா அவருக்குப் பிடிக்காது. ஆனாலும் அந்தச் சத்தத்துக்கு நடுவுலயே தேவனோட பேசப் பழகுனார். நல்ல உதாரணம்தான். பாத்திரம் கழுவுறப்போ ஒரு சங்கீதத்தை மனசுல ஓட்டுறதும், மாமனாருக்கு மருந்து குடுக்குறப்போ அவர் பேரைச் சொல்லி ஜெபிக்கிறதும் உண்மையான ஜெபம். அக்கா, நீங்க தூரமாப் போகல. இதை நான் தயங்காமச் சொல்லுவேன்.

ஆனா அதோட நிறுத்திட்டா, "நீங்க வேலை செஞ்சுக்கிட்டே ஜெபம் பண்ணிக்கோங்க, நாங்க உக்காந்து பண்ணுறோம்"னு சொன்ன மாதிரி ஆயிடும். மடத்துல லாரன்ஸுக்கு ஒரு வசதி இருந்தது. மணி அடிச்சா எல்லாரும் ஜெபத்துக்குப் போவாங்க, சமையல்காரரும் போவார். வீட்டுல அந்த மணியை யார் அடிக்கிறது?

எங்க வீட்டுல நடக்குறதைச் சொல்றேன். நானும் எங்க வீட்டுக்காரரும் ஐடி வேலை, சென்னையில இருக்கோம். போன வருஷம் அத்தை எங்களோட வந்து இருக்க ஆரம்பிச்சாங்க. ஊர்ல அவங்க வீட்டுக் குடும்ப ஜெபம் ராத்திரி ஏழரைக்கு, சாப்பாட்டுக்கு முன்னாடி. மாமா வாசிப்பார், பிள்ளைங்க பாடுவாங்க, அத்தை அடுப்படியில இருந்து ஆமென் சொல்லுவாங்க. முப்பது வருஷம் அப்படித்தான். யாரும் அவங்களை உக்கார வேண்டாம்னு சொல்லல. தோசை சூடா வேணும், அவ்வளவுதான்.

நாங்க ஒரே ஒரு விதி வச்சோம். அடுப்படியில ஒருத்தர் நின்னாலும் ஜெபம் தொடங்காது. அதுக்காக ஜெபத்தைச் சாப்பாட்டுக்குப் பின்னாடி மாத்துனோம். மகன் பாத்திரம் கழுவுறதை அத்தையால முதல்ல தாங்க முடியல. "நீ போய் உக்காருப்பா, ஊர்ல யாராவது பாத்தா என்ன சொல்லுவாங்க"ன்னு பிடுங்குவாங்க. அவர் சொன்னார், "அசனத்துல நான் அண்டா கழுவுனப்போ ஊரே பாத்துச்சே, அப்போ ஒண்ணும் சொல்லலியேம்மா." அத்தை அதுக்குப் பதில் சொல்லல. ஆனா ஸ்கிரப்பரை விட்டுட்டாங்க.

முதல் வாரம் பூரா ஜெபத்துக்கு நடுவுல மூணு தடவை எழும்பிப் போய் கேஸ் மூடியிருக்கான்னு பாத்துட்டு வருவாங்க. ரெண்டாவது வாரம் ஒருநாள் நீங்க வாசிங்க அத்தைன்னு வேதத்தைக் குடுத்தேன். சங்கீதம் 121. கண்ணாடி உள்ள இருக்குன்னாங்க, எடுத்துட்டு வர எழும்புனேன். நான் வர்றதுக்குள்ள புத்தகத்தைப் பாக்காமலே முழுசும் சொல்லி முடிச்சிருந்தாங்க. அடுத்த நாள் 91, அதுவும் அப்படியே. அடுப்படியில நின்னு கேட்டுக் கேட்டே மனப்பாடம் ஆனது. எங்க வீட்டுக்காரர் பிறந்ததுல இருந்து அந்த வீட்டுல இருந்தவர். அம்மாவுக்கு இத்தனை சங்கீதம் தெரியும்னு அன்னிக்குத்தான் அவருக்குத் தெரிஞ்சது. இத்தனை வருஷம் அந்தக் குரல் குடும்ப ஜெபத்துல ஒரு ஆமெனாத்தான் இருந்திருக்கு. நஷ்டம் அத்தைக்கு மட்டும் இல்லன்னு எனக்குத் தோணுச்சு.

இந்த வாரம் செய்ய

வழக்கம்போல முடிக்கிறதுக்கு முன்னாடி மூணு விஷயம்.

ஒண்ணு, உங்க குடும்ப ஜெபத்து நேரத்துல அடுப்படியில யார் நிக்குறாங்கன்னு பாருங்க. அவங்க உக்கார முடியுற நேரத்துக்கு ஜெபத்தை மாத்துங்க. ஏழரை மணிங்கிறது வேதத்துல எழுதப்படல.

ரெண்டு, ஞாயிற்றுக்கிழமை. ஓய்வுநாள் கட்டளையில மகன், மகள், வேலைக்காரங்க, மாடு, கழுதை, வீட்டுல தங்குற அந்நியன் வரைக்கும் ஓய்வு சொல்லியிருக்கு. உபாகமம் 5-ல அதுக்கு ஒரு காரணமும் வருது: நீயும் எகிப்துல அடிமையா இருந்தவன்னு நினைச்சுக்கோ. கழுதைக்கும் ஓய்வு குடுக்கச் சொன்ன கர்த்தர், ஆராதனை முடிஞ்சு வந்து அம்மா மட்டும் பிரியாணி கிண்டணும்னு எதிர்பார்ப்பாரா? சனிக்கிழமை ராத்திரி எல்லாரும் சேர்ந்து வெங்காயம் உரிங்க. இல்லையா, ஞாயிறு மதியம் ரசமும் அப்பளமும் போதும்.

மூணு, வேதம் வாசிக்க நேரம் கிடைக்காதவங்ககிட்ட "நேரம் ஒதுக்குங்க"ன்னு அறிவுரை சொல்லாதீங்க. பிள்ளையை வாங்கிக்கோங்க. மாமனார் பக்கத்துல இருபது நிமிஷம் நீங்க உக்காருங்க. பக்கத்து வீட்டுக்காரங்களா இருந்தாலும் சரி, சபைப் பெண்கள் ஐக்கியமா இருந்தாலும் சரி, வீடு சந்திப்புக்குப் போறப்போ அந்த வீட்டம்மா காப்பி போட எழும்புனா உக்கார வச்சுட்டு, நீங்க போடுங்க.

உயிர்த்தெழுந்த பிறகு இயேசு திபேரியா கடற்கரையில என்ன செஞ்சார்னு யோவான் 21-ல இருக்கு. ராத்திரி பூரா வலை போட்டுக் களைச்சு வந்தவங்களுக்காக கரி நெருப்புல மீன் வச்சு, அப்பம் வச்சு, வந்து சாப்பிடுங்கன்னு கூப்பிட்டார். மரணத்தை ஜெயிச்சு வந்தவர் காலைச் சாப்பாடு பண்ணிக் குடுத்தார். அதை வேலைன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

ஜெபிப்போம். ஆண்டவரே, இந்த நேரத்துல நின்னுக்கிட்டே கேக்குற எல்லாருக்காகவும் ஜெபிக்கிறோம். அவங்க கையை ஆசீர்வதியும், அவங்களுக்கு உக்கார ஒரு இடம் குடும். உக்காந்திருக்குற எங்களுக்கு எழும்ப மனசு தாரும். ஆமென்.

அடுத்த வாரம் சந்திக்கலாம்.