வெள்ளைச் சட்டை மட்டும் போதுமா?

இன்று நாம் பார்க்கப்போவது 1960-ல் வந்த ‘தி மேக்னிஃபிசென்ட் செவன்’. குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ கதையை மெக்சிகோ கிராமத்துக்கு மாற்றி, அந்த நாட்டிலேயே எடுத்த படம்.

கிராமத்தார் உடையைக் கவனியுங்கள். வயலில் பாடுபடுகிறவர்கள், ஆனால் சட்டையில் அழுக்கே இருக்காது. தங்கள் மக்களைக் கேவலமாகக் காட்டக் கூடாது என்று மெக்சிகோ தணிக்கையாளர்கள் கண்டிப்பாக இருந்ததுதான் காரணம். வங்கிக் கவுன்ட்டரில் சட்டையைப் பார்த்து ஆளை எடைபோட்டு நானே தவறியிருக்கிறேன். அதனால் அந்தக் கண்டிப்பு எனக்குப் புரிகிறது.

ஆனால் மெக்சிகோ கொள்ளைக்காரனாக நடித்த ஈலை வாலக் நியூயார்க்காரர். இளைஞன் சிக்கோவாக நடித்தவர் ஜெர்மானியர். கிராமத்துப் பெரியவர் ரஷ்யாவில் பிறந்தவர்! சட்டை சுத்தமானால் போதுமா? தங்கள் கதையில் தாங்களே நடிக்க இடம் வேண்டாமா? படத்தை ரசியுங்கள்; இதையும் கொஞ்சம் யோசியுங்கள்.