மலையின் செய்தியை யார் வாசிப்பது?



கனடாவின் அரச வானொலியான சி.பி.சி.யில் 2014 முதல் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ‘அன்ரிசர்வ்ட்’ என்று பெயர். தொடக்கத்தில் அதை நடத்தியவர் ரோசன்னா டீர்சைல்ட், மனிடோபாவைச் சேர்ந்த கிரீ இனக் கவிஞர். அந்த நாட்டுப் பூர்வகுடிகளின் ஊர்ச்செய்தி, ஊர்ப்பிரச்சினை, அவர்களுடைய பாட்டு இவைதான் அதில் வரும். பதுளையில் கூடியிருக்கிற நமக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்த நிகழ்ச்சிக்குப் பூர்வகுடிகள் விருந்தாளிகளாக வந்துபோவதில்லை. கேள்வி கேட்பவர் அவர்களில் ஒருவர். பாட்டைத் தெரிவு செய்பவரும், எது செய்தி என்று தீர்மானிப்பவரும் அவர்களில் ஒருவர். ஊவாத் தோட்டங்களைப் பற்றி வானொலியில் எவ்வளவோ கேட்டாயிற்று. அதில் எது செய்தி என்பதைத் தோட்டத்து ஆள் ஒருவர் தீர்மானித்தது எத்தனை தடவை?

கனடாவிலும் இது சும்மா கிடைத்துவிடவில்லை. சி.பி.சி. தன் வடபகுதிச் சேவையை 1958ல் ஆரம்பித்தது. பனிப்பிரதேசத்து இனுயிட் மக்களின் இனுக்டிடூட் மொழி அதில் முதலில் ஒலித்தது 1960ல்தான். அதே காலத்தில், தாய்மொழி பேசினால் பிள்ளைகளைத் தண்டிக்கும் விடுதிப் பள்ளிகளை அதே நாட்டு அரசாங்கம் நடத்திக்கொண்டிருந்தது. ஒரு கை மொழியை வானொலியில் ஏற்ற, மறு கை பள்ளிக்கூடத்தில் அதன் நாக்கை அறுத்துக்கொண்டிருந்தது.

1974ல் வட ஒன்டாரியோவில் ‘வவாட்டே’ என்ற தொடர்பாடல் சங்கத்தை அப்பகுதிப் பூர்வகுடிகளே தொடங்கினார்கள். கிரீ, ஒஜிப்வே, ஒஜி-கிரீ மொழிகளில் பத்திரிகை, பிறகு வானொலி. ரோடே இல்லாத குடியிருப்புகளில் சின்னச் சின்ன நிலையங்கள் முளைத்தன. அவற்றில் என்ன கேட்கலாம் தெரியுமா? வானிலை, மரண அறிவித்தல், வேட்டைக்குப் போனவர் இன்னும் வீடு திரும்பவில்லை என்ற தகவல், இடையில் பாட்டு, அப்புறம் பிங்கோ. ஆம், அறிவிப்பாளர் எண்ணைக் கூப்பிடுவார், வீட்டிலிருந்து எல்லோரும் அட்டையில் அடிப்பார்கள். பல நிலையங்களின் மின்கட்டணத்தைக் கட்டியதில் அந்தச் சூதாட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நம் ஊரில் கோவில் கமிட்டிகள் சீட்டுப் பிடித்துத் தேர் கட்டியதை அறிந்தவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார்கள்.

1983ல் வடபகுதிப் பூர்வகுடி ஒலிபரப்புக்கென்று மத்திய அரசு நிதித்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. 1990ல் வரவு செலவுத் திட்டத்தில் ஒரே வெட்டு. பூர்வகுடிப் பத்திரிகைகள் பல மூடப்பட்டன. நகரங்களுக்கென்று உரிமம் பெற்ற ‘அபோரிஜினல் வொய்சஸ்’ வானொலி நிபந்தனைகளைக் காப்பாற்ற முடியாமல் 2015ல் உரிமத்தை இழந்தது. அதே ஆண்டு வெளிவந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் 94 பரிந்துரைகளில் 84ஆவது, பொது வானொலிக்குக் காசு கொடுத்துப் பூர்வகுடி மொழி நிகழ்ச்சிகளைக் கூட்டு என்றது. 2018ல் டொரன்டோவிலும் ஒட்டாவாவிலும் புதிய நிலையங்கள் வந்தன. விழுவதும் எழுவதுமாகத்தான் அங்கேயும் கதை. கனடா என்றதும் பாலும் தேனும் ஓடுவதாக நினைக்கும் பழக்கம் நமக்கு உண்டு, அதற்காகவே இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

இனி ஊவாவுக்கு வருவோம்.

ஊவாவின் பூர்வகுடிகள் மலையகத் தமிழரான நாம் அல்லர். இந்த மாகாணத்தில், இதே பதுளை மாவட்டத்தில், மஹியங்கனைக்கு அப்பால் தம்பானையில் இருக்கும் வேடர்கள்தான் பூர்வகுடிகள். அவர்கள் வேட்டையாடிய, தேன் எடுத்த காடு 1983ல் மாதுரு ஓயா தேசியப் பூங்காவாகப் பிரகடனமானது. துரித மகாவலித் திட்டம் பக்கத்திலேயே நிலத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது. வேடர் குடும்பங்களை வேறிடத்துக்குக் கொண்டுபோனபோது, மூத்த தலைவர் திசாஹாமி நகர மறுத்துவிட்டார். அவருடைய மகன் ஊருவரிகே வன்னிலத்தோ 1996ல் ஜெனீவா வரை போய் ஐ.நா.வின் பூர்வகுடிகள் செயற்குழுவில் பேசினார்.

மகாவலித் திட்டம் நடந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் ஒரு வானொலியும் வந்தது. மகாவலிச் சமூக வானொலி என்று 1980களின் தொடக்கத்தில் ஆரம்பித்தார்கள். யுனெஸ்கோவும் டென்மார்க்கும் உதவின. அதன் வேலைமுறை அருமையானது. தயாரிப்பாளர் குழு ஒலிப்பதிவுக் கருவியோடு குடியேற்றக் கிராமத்துக்குப் போகும், அங்கேயே நாட்கணக்கில் தங்கும், மக்களையே பேசவும் பாடவும் நடிக்கவும் வைத்துப் பதிவு செய்துகொண்டு வரும். 1986ல் கிராந்துருகோட்டேயில் நிலையமே திறந்தார்கள். அது இந்தப் பதுளை மாவட்டத்தில்தான் இருக்கிறது. குடியேற வந்தவர்களுக்காகக் கட்டிய நிலையம் அது. காட்டைப் பறிகொடுத்தவர்களுக்கென்று ஒரு கோபுரமும் எழவில்லை. கனடாவின் கதையைப் படிக்கும்போது நெருடுவது இந்த இடம்தான்.

1989ல் கொத்மலையில் இன்னொரு நிலையம் வந்தது. 1998ல் அங்கே யுனெஸ்கோ இணைய இணைப்பைக் கொடுத்தது. நேயர் ஒருவர் கேள்வி எழுதி அனுப்புவார், அறிவிப்பாளர் கணினியில் தேடி ஒலிபரப்பில் பதில் சொல்வார். உலகமே திரும்பிப் பார்த்த பரிசோதனை அது. 2003ல் ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் உதவியோடு நம்முடைய ஊவா சமூக வானொலி வந்தது. நல்ல காரியங்கள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் இவை எல்லாம் சமூக வானொலி என்று பெயர் போட்டுக்கொண்டாலும், அனுமதிப்பத்திரம் சமூகத்தின் கையில் இல்லை. அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கையில். சமூக வானொலிக்கென்று தனிச்சட்டம் இந்த நாட்டில் இல்லை. அக்கரையில் இந்தியா 2006ல் தன் கொள்கையை மாற்றித் தொண்டு நிறுவனங்களும் நிலையம் வைக்கலாம் என்றது. 2008ல் அப்போதைய ஆந்திராவின் மாச்சனூர் என்ற சிற்றூரில் தலித் பெண்கள் ‘சங்கம் ரேடியோ’வைத் தொடங்கினார்கள். வயலில் கூலி வேலை செய்த கைகள் ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்தின. ஸ்பிரிங்வெளியிலோ பூனாகலையிலோ ஒரு பத்துப் பெண்கள் சேர்ந்து இப்படி ஒரு நிலையம் வைக்க விரும்பினால், விண்ணப்பப் படிவம் எந்தக் கந்தோரில் கிடைக்கும்? படிவமே கிடையாது.

இதற்குள் ஒருவர் எழுந்து, மலையக மக்கள் வானொலி கேட்காதவர்களா என்று கேட்கலாம். கேட்டார்கள், கேட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். கொழும்பு வானொலி 1925 டிசம்பர் 16ல் பிறந்தது. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீத் என்று அந்தக் குரல்கள் லயத்துக் காம்பராக்களில் உறவினரைப் போலப் புழங்கின. நேயர் விருப்பத்துக்குப் போஸ்ட்கார்டு போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்து, பெயரும் தோட்டமும் பிரிவும் காற்றில் வந்த அன்று லயமே கூடிச் சிரித்திருக்கிறது. தோட்டத்துப் பெயர் கொழும்பிலிருந்து ஒலித்துவிட்டதென்று அத்தனை சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைக் குறைத்துப் பேசக் கூடாது. குடியுரிமை இல்லாத ஒரு மக்கள் கூட்டம் தன் பெயரை அரச வானொலியில் கேட்கிறது என்றால் அது சின்ன விஷயமில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் பறித்ததை, போஸ்ட்கார்டு ஒன்று அரை நிமிடத்துக்குத் திருப்பிக் கொடுத்தது.

ஆனால் பாட்டு கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்தது. தோட்டத்திலிருந்து போனது பெயர் மட்டும்தான். தோட்டம் செய்தியானது மூன்றே சந்தர்ப்பங்களில்: சம்பளப் போராட்டம், தேர்தல், மண்சரிவு. 2021ல் 1000 ரூபாய், 2024ல் 1350 ரூபாய் என்று நாட்சம்பளத் தொகை தலைப்புச் செய்தியாக ஓடியது. எத்தனை கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் எப்படி அரைப்பேர், அந்தக் கிலோவைத் தீர்மானிப்பது யார் என்று எந்தச் செய்தி சொன்னது? பெரட்டுக்களத்தில் நிற்கிற எந்தப் பெண்ணும் இதை இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடுவார். ஒலிவாங்கிதான் அவர் முன்னால் வரவில்லை.

மீரியபெத்தை. இந்தப் பெயரைச் சொன்னால் இந்த மண்டபத்தில் வேறு விளக்கம் தேவையில்லை. 2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் அந்த இடம் ஆபத்தானதென்று எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, கடிதமாக, கோப்பில்.

அந்த நிறுவனத்தின் கணக்கு சிக்கலானதில்லை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழிப்பாயிரு, 100 தாண்டினால் வெளியேறத் தயாராகு, 150 தாண்டினால் வெளியேறு. ஒரு மழைமானியும் எண் வாசிக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால் போதும். இப்போது கற்பனை செய்யுங்கள்: ராத்திரி பத்து மணி, கொட்டுகிற மழை. மேற்பிரிவில் இத்தனை, கீழ்ப்பிரிவில் இத்தனை, பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது, தொங்கல் லயத்தார் உடனே கிளம்புங்கள் என்று, ஊர்க்குரல் ஒன்று தோட்டத்துத் தமிழில் சொல்கிறது. கொழும்பின் செய்தியில் வரும் ‘மத்திய மலைநாட்டின் சில பகுதிகளில்’ என்ற வாசகத்தைக் கேட்டு எவரும் படுக்கையை விட்டு எழுந்ததில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மீரியபெத்தைக்குப் பின் பதினொரு வருடம் போயும், யார் எச்சரிப்பது என்ற கேள்வி அதே இடத்தில் நிற்கிறது.

பூகோளமும் நம் பக்கம் இல்லை. பண்பலை நேர்கோட்டில் போகிற அலை, மலையைத் தாண்டாது. நமுனுகுல 2036 மீட்டர் உயரத்தில் குறுக்கே நிற்கிறது. ஒரு சரிவில் கணீரென்று கேட்கும் நிலையம் மறுசரிவில் வெறும் இரைச்சல். பெரிய கோபுரம் ஒன்றை விடப் பள்ளத்தாக்குக்கு ஒன்றாகச் சின்ன ஒலிபரப்பிகள் வேண்டும் என்பதற்கு இந்த மலைகளே சாட்சி. கையில் போன் இருக்கிறதே என்பார்கள். மின்சாரம் போய், கோபுரமும் படுத்த ராத்திரியில் போன் வெறும் டோர்ச் லைட்தான். பேட்டரி ரேடியோ பேசிக்கொண்டிருக்கும்.

கடைசியாகப் பாட்டு. இதைத்தான் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை.

கனடாவின் வொலஸ்டொகி இனத்தைச் சேர்ந்த ஜெரமி டச்சர் என்ற பாடகர், ஓர் அருங்காட்சியகத்தில் இருந்த மெழுகு உருளைகளைத் தேடிப் போனார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மானிடவியலாளர் ஒருவர் அவருடைய மூதாதையரைப் பாடவைத்துப் பதிந்த உருளைகள் அவை. கரகரப்பின் நடுவே முப்பாட்டன்மார் பாடுகிறார்கள். அந்தக் குரலோடு தன் குரலையும் பியானோவையும் சேர்த்து இசைத்தொகுப்பு ஒன்றைச் செய்தார். 2018ல் கனடாவின் போலாரிஸ் பரிசு அதற்குக் கிடைத்தது. அந்த மொழியைச் சரளமாகப் பேசுவோர் நூறு பேரளவில்தான் மிஞ்சியிருந்தார்கள்.

அதே காலத்தில், அதே மாதிரி மெழுகு உருளைகளில், நம்முடைய வேடர்களின் பாட்டும் பதிவானது. செலிக்மன் தம்பதியர் 1907-08ல் இங்கு வந்து பதிந்தார்கள். 1911ல் வெளியான அவர்களது நூலில் சார்ல்ஸ் மையர்ஸ் அந்த இசையைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதினார். மாக்ஸ் வெர்தைமர் என்ற பெயர்பெற்ற உளவியலாளர் ஜெர்மன் மொழியில் கட்டுரை எழுதினார். ஐரோப்பிய அறிஞர்கள் சுரம் சுரமாகப் பிரித்து ஆராய்ந்த வேடர் பாட்டைப் பதுளை நகரத்தில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

நம் பாட்டுக்கு அந்த மெழுகு உருளைகூட வாய்க்கவில்லை. சி.வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோட்டமாகச் சேகரித்து 1983ல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ நூலைத் தந்தார், அடுத்த ஆண்டே மறைந்தார். அவர் இல்லாவிட்டால் சொற்களும் போயிருக்கும். அதற்கும் முன்னால் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மை தொழிலாளர் கூட்டங்களில் பேச்சுக்கு முன் பாடிக் கூட்டம் சேர்த்தார். அந்தப் பாட்டுகள் அச்சில் கிடைக்கின்றன. அச்சு சொல்லைக் காப்பாற்றும். மெட்டும் இழுப்பும், தப்பு எந்த இடத்தில் தாளத்தை மாற்றுகிறது என்பதும் புத்தகத்துக்குள் வராது. பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டதும் அதே தப்பு, சாவு சொன்னதும் அதே தப்பு, காமன் கூத்தில் ரதி மதன் ஆடியதும் அதே தப்புக்குத்தான். எந்த அடி எதற்கு என்று காதாலேயே பிரித்துச் சொல்லக்கூடிய வாத்தியார்கள் இன்னும் இருக்கிறார்கள், வயது மட்டும் ஏறிக்கொண்டு போகிறது.

நீலகிரியில் கோத்தகிரி என்ற ஊரில் கீஸ்டோன் என்ற தொண்டு நிறுவனம் ஒரு சமூக வானொலி நடத்துகிறது. அந்த மலையின் பழங்குடிகள் தங்கள் மொழிகளில் பேசுகிறார்கள், பாடுகிறார்கள். இதே கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம்தான் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் தலைமன்னாரில் கப்பலேறிய நம் சனம் கணிசமாகப் போய்ச் சேர்ந்தது. அவர்களுக்கென்றே 1968ல் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. பதுளையிலிருந்து போன குடும்பத்தின் பேரப்பிள்ளைக்கு அங்கே பக்கத்து ஊர்ப் பழங்குடிப் பாட்டு வானொலியில் கேட்கிறது. இங்கே இருக்கிற பேரப்பிள்ளைக்குத் தன் பாட்டியின் தாலாட்டு கேட்பதில்லை.

சட்டம் வரட்டும், அதற்காகக் கேட்டுக்கொண்டே இருப்போம். மாகாண சபைக்கும் ஊடக அமைச்சுக்கும் மனு எழுத இங்கே ஆள் பஞ்சமில்லை. அதுவரை சும்மா இருக்கவும் தேவையில்லை. மாசி வளர்பிறையில் காமன் நடுவார்கள். பசறை, லுணுகலை, தெமோதரை, ஹப்புத்தளை என்று எந்தெந்தத் தோட்டத்தில் இந்த முறை கூத்து உண்டு, தப்படிக்கும் வாத்தியார் யார், தாலாட்டும் ஒப்பாரியும் தெரிந்த பாட்டிமார் யார் யார் என்று முதலில் ஒரு பட்டியல் வேண்டும். பதிவுக்கு ஒரு நல்ல போனும் காற்றிரைச்சல் புகாத மைக்கும் போதும். பாடியவர் பெயர், தோட்டம், பிரிவு, தேதி நான்கையும் பதிவின் தொடக்கத்தில் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள், அவருடைய சம்மதத்தையும் அதிலேயே கேட்டு வாங்குங்கள். தம்பானைக்குப் போய், எங்கள் நிகழ்ச்சியில் உங்கள் பிள்ளைகள் பேச வருவார்களா என்று மரியாதையோடு கேட்க இரண்டு பேர் வேண்டும், சிங்களம் நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு கொப்பி வைத்திருப்போம். முன்வருபவர்கள் தோட்டத்துப் பெயரையும் பிரிவையும் சேர்த்து எழுதிவிட்டுப் போங்கள்.