நம்ம ஊர்க் கல்லும் ஒன்பதாம் வகுப்பும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். "உன் தொழில் அனுபவம் ஒண்ணைச் சொல்லுப்பா, போதும்" என்றார். இந்தக் கல்லூரியை விட்டுப் போன பிறகு நான் பார்த்த ஒரே தொழில் வாத்தியார் தொழில். விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் 31 வருஷம் சமூக அறிவியல் நடத்தினேன். அதில் எனக்கு ரொம்பப் பிடித்த பாடம் பாறைகள். ஆகவே இன்று கல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன். யாரும் கல்லெடுத்து விடாதீர்கள்!

பாறை மூன்று வகை: தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை. இதை எந்தப் பிள்ளையும் பத்து தடவை சொல்லி மனப்பாடம் செய்துவிடும். ஐந்து மார்க்கும் வாங்கிவிடும். ஆனால் வாசலில் கிடக்கிற கல் எந்த வகை என்று கேட்டால் முழிக்கும். பாடப் புத்தகத்துப் பாறை எங்கேயோ இருக்கிறது, நம்ம ஊரில் இருப்பது வெறும் கல் என்கிற எண்ணம் அவர்கள் மனதில் ஊறிப் போயிருந்தது. நம்ம ஊரில் படிக்க ஒன்றும் இல்லை என்று நினைக்கிற பிள்ளைக்கு, நாமும் ஒரு ஆள்தான் என்கிற நினைப்பு எப்படி வரும்? அதனால் இந்தப் பாடத்தை நம்ம ஊரை வைத்தே நடத்துவது என்று முடிவு செய்தேன்.

முதல் நாள் பாடத்துக்குக் கருப்பட்டி போதும். கருப்பட்டியை உருக்கிச் சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டால் கட்டியாகிறது. பாறைக்குழம்பு ஆறி இறுகினால் தீப்பாறை. அந்தக் கட்டியைச் சுரண்டித் தூளாக்கி, ஒரு டம்ளரில் அடுக்கடுக்காகப் போட்டு அழுத்தினால் படிவுப்பாறை. அதையே உருகவிடாமல் இளஞ்சூட்டில் வைத்து அழுத்தினால், தூளும் இல்லை, பாகும் இல்லை, வேறொரு பதம். அதுதான் உருமாறிய பாறை. மறுபடி அடுப்பில் வைத்தால் பாகு. பாறைச் சுழற்சி முடிந்தது. மிச்சம் பிள்ளைகள் வாயில்.

"சார், பனங்கற்கண்டு மட்டும் ஏன் பெரிசு பெரிசா இருக்கு?" என்று கேட்பார்கள். அது பானைக்குள் வாரக்கணக்கில் அசையாமல் மெதுவாக விளைகிறது, அதனால் படிகம் பெரிசு. பூமிக்கு அடியில் மெதுவாக ஆறின கிரானைட்டில் மணி மணியாகத் தெரிவதும், வெளியே கொட்டிச் சட்டென்று ஆறின பசால்ட் நைசாக இருப்பதும் அதே கணக்குத்தான்.

மறுநாள் ஆளுக்கொரு கல் கொண்டு வரச் சொல்வேன். உடைந்த அம்மித் துண்டு வரும். அடுப்படிப் பலகையில் மிஞ்சின கடப்பாக் கல் வரும். தாத்தா காலத்துக் கல் சிலேட்டு வரும். கரிசல் காட்டில் பொறுக்கின சுக்கான்கல் வரும். அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் பந்தல்குடிக் கல் கொண்டு வருவார்கள். இராமசாமிராஜா நகர் சிமெண்ட் ஆலைக்குப் போகிற சுண்ணாம்புக்கல் அது.

ஒரு வருஷம் ஒரு பையன் எழுந்து, "சார், சுண்ணாம்புக்கல் படிவுப்பாறைன்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. இதுல அடுக்கையும் காணோம், சிப்பியையும் காணோம். சீனி மாதிரி மின்னுதே?" என்றான். நல்ல கேள்வி. இரண்டு கல்லையும் பொடித்து எலுமிச்சைச் சாறு விட்டோம். கடப்பாக் கல்லும் நுரைத்தது, பந்தல்குடிக் கல்லும் நுரைத்தது. இரண்டும் சுண்ணாம்புதான். ஆனால் கடப்பாக் கல் கடலடியில் படிந்தது அடுக்கடுக்காக அப்படியே இருப்பது. பந்தல்குடிக் கல் படிந்த பிறகு பூமிக்குள் புதைந்து, வெந்து, நெருக்குண்டு, மணி மணியாக மறுபடி படிகமானது. சலவைக்கல்லுக்குப் பங்காளி. "அப்ப பரிச்சைக்கு எதை சார் எழுத?" என்றான். "சுண்ணாம்புக்கல் படிவுப்பாறை, அது உருமாறினால் சலவைக்கல். இரண்டையும் எழுது. புத்தகமும் பொய் சொல்லலை, உன் கண்ணும் பொய் சொல்லலை" என்றேன். மார்க்குக்காகத் தன் கண்ணை ஒரு பிள்ளை சந்தேகப்படக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

மேற்கே திரும்பினால் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் மலைகள். அங்கே இருக்கிற கறுத்த கல்லில் பெரும்பகுதிக்குச் சார்னோக்கைட் என்று பேர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல்லை வைத்து, தாமஸ் ஹாலண்ட் என்ற அறிஞர் 1890-களில் சூட்டிய பேர் அது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கல்லறைக் கல்லே சென்னைப் பல்லாவரம் பக்கத்துச் சரக்கு! நம்ம மலைக் கல் சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன்னால், 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் வெந்து உருமாறியது. இன்று அது வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து, வைப்பாற்று மணலாகி, மன்னார் வளைகுடாவில் படிந்து கொண்டிருக்கிறது. பாறைச் சுழற்சிக்குப் படம் வரைய வேண்டியதில்லை. சாத்தூர்ப் பாலத்தில் நின்று கீழே பார்த்தால் போதும்.

கரிசல் மண்ணும் அப்படித்தான். கரிசல் என்றாலே தக்காணத்து எரிமலைக் குழம்பு என்று பிள்ளைகள் எழுதுவார்கள். அந்தக் குழம்பு நம்ம பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இங்கே இருக்கிற உருமாறிய கற்களே மழை குறைந்த சீமையில் மக்கிக் கரிசலாகின.

இனி பட்டாசுக்கு வருகிறேன். வானத்தில் சிவப்பு பூத்தால் அது ஸ்ட்ரான்சியம். செலஸ்டைட் என்ற கனிமத்தில் இருந்து வருவது. நம்ம திருச்சிப் பக்கம் ஊட்டத்தூர்ப் படிவுகளிலும் அந்தக் கனிமம் உண்டு. பச்சை என்றால் பேரியம். பேரைட் கனிமம் கடப்பாச் சீமை மங்கம்பேட்டையில் மலையாகக் கிடக்கிறது. பட்டாசில் பேரிய உப்பு கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது நமக்கெல்லாம் தெரியும். வெள்ளை ஒளி அலுமினியம். சேர்வராயன் மலையில் சார்னோக்கைட் மக்கி உண்டான பாக்சைட்டில் அலுமினியம் இருக்கிறது. ஆக, சிவகாசிப் பிள்ளைக்குத் தீபாவளியும் பாறைப் பாடம்தான்.

2012 செப்டம்பர் 5. ஆசிரியர் தினம். அன்றைக்குத்தான் முதலிப்பட்டியில் அந்தப் பெரிய வெடிவிபத்து. சுமார் 40 உயிர் போயிற்று. மறுநாள் வகுப்பில் யாருக்கும் பேச்சில்லை. கடைசியில் ஒரு மாணவி, "சார், எங்க வீட்ல அலுமினியச் சட்டி தினமும் அடுப்பு மேலதான் இருக்கு, எரியலை. பொடி மட்டும் ஏன் சார் பத்திக்குது?" என்று கேட்டாள். கட்டி விறகு மெதுவாக எரியும், சுள்ளி சட்டென்று பிடிக்கும், மரத்தூள் குப்பென்று போகும் என்று தொடங்கினேன். பொடியாக்கப் பொடியாக்கக் காற்று படுகிற இடம் பெருகுகிறது. அதனோடு உயிர்வளியைக் கொடுக்கும் உப்பும் சேர்ந்துவிட்டால், ஒரு உரசல் போதும். கல்லாக இருக்கும் வரை சாது. பொடியானால் குணம் வேறு. அவள் அம்மா மருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தவர். "இதை அம்மாகிட்டச் சொல்றேன் சார்" என்றாள். அந்த ஐந்து மார்க் பாடத்துக்கு இதைவிடப் பெரிய மார்க் எனக்குத் தெரியவில்லை.

நண்பர்களே, இந்த அரங்கில் பட்டாசு முதலாளிகள் இருக்கிறீர்கள். குவாரி, கிரஷர் வைத்திருப்பவர்கள், சிமெண்ட் ஏஜெண்டுகள், கிரானைட் வியாபாரிகள் இருக்கிறீர்கள். உங்களிடம் பணம் கேட்க வரவில்லை, பயப்படாதீர்கள். இரண்டே கோரிக்கை.

ஒன்று: உங்கள் தொழிலில் புழங்கும் கல்லில் உள்ளங்கை அளவு துண்டு ஒன்று, எந்த ஊர்க் கல், எதற்குப் பயன் என்று சீட்டு ஒட்டி, உங்கள் ஊர் அரசுப் பள்ளிக்குக் கொடுங்கள். பத்துப் பேர் கொடுத்தால் ஒரு பள்ளிக்குக் கல் பெட்டி தயார். பிள்ளைகளைக் குவாரிக்குக் கூட்டிப் போக வேண்டாம். 2024 மே 1-ஆம் தேதி காரியாபட்டிப் பக்கம் குவாரி வெடிமருந்துக் கிடங்கு வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தது மறக்கக் கூடியதல்ல. கல் பள்ளிக்கு வரட்டும்.

இரண்டு: உங்கள் ஆலைத் தொழிலாளிக்கு, கையில் இருக்கும் பொடி எந்தக் கல்லில் இருந்து வந்தது, எதோடு சேர்ந்தால் என்ன செய்யும் என்று, அவருக்குப் புரிகிற தமிழில் வருஷத்துக்கு ஒரு நாள் சொல்லிக் கொடுங்கள். ஆள் வேண்டுமென்றால் ஓய்வு பெற்ற வாத்தியார்கள் நாங்கள் சும்மாதான் இருக்கிறோம், கூப்பிடுங்கள், வருகிறோம்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கருப்பட்டியும் சிரட்டையும் பையில் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு செய்முறை பார்க்க விரும்புவோர் வேப்பமரத்தடிக்கு வரலாம்.