புள்ள இன்னைக்கு என்ன தின்னுச்சு?

சேரியில் ஒன்றரை வயசுப் புள்ள ஒரு நாளில் என்ன தின்னுதுன்னு பாருங்க. காலையில டீயில நனைச்ச வர்க்கி. அம்மா களையெடுக்கப் போனபின் அக்கா கையால நீராகாரம். மத்தியானம் அழுதா அஞ்சு ரூபா சிப்ஸ் பாக்கெட். ராத்திரி ரசஞ்சோறு, பாதியிலயே தூங்கிடும்.

அந்த வயிறு சின்னது. தாய்ப்பாலோடு மூணு நாலு வேளை, கொஞ்சம் கொஞ்சமா, கெட்டியா ஊட்டணும். ஆனால் இங்கே வேளையைத் தீர்மானிப்பது புள்ளையின் பசியல்ல. ஆண்டையின் வயல் வேலை. "தாய்க்கு விழிப்புணர்வு இல்லை" என்று எழுதுகிறவர்கள் இதை எழுதுவதில்லை.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் 100க்கு 67 பேருக்கு ரத்தசோகை. டீ, சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். மாட்டுக்கறியில் இருப்பதோ உடம்பு சுலபமாய் ஏற்கும் இரும்பு. நம்ம பாட்டிகள் அதை வேகவச்சு, மசிச்சு ஊட்டினார்கள். அதை வெளியே சொல்ல நம்மைக் கூச வைத்தது யார்?

2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை அங்கன்வாடி உணவு இலவசம். அது உரிமை, பிச்சையல்ல. மையம் ஊர்த்தெருவில் இருந்தால் நம்ம புள்ள எப்படிப் போகும்? சேரிக்குள் மையம் கேட்போம். வேலைக்காட்டுப் பக்கம் புள்ளைக்கு நிழல் கேட்போம்.

மாணவத் தோழர்களே, ஊர் திரும்பியதும் முதல் வீட்டில் கேளுங்க: புள்ள இன்னைக்கு என்ன தின்னுச்சு?