கொழுந்துக்குத் தராசு உண்டு, பெண்ணுக்கு?

(ஸ்பிரிங்வெளி மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோட்டத்துப் பெண் நாள்தோறும் தராசின் முன் நிற்கிறாள். அத்தராசு நிறுப்பது கொழுந்தை. கூடை சுமந்த உடலையன்று. அவ்வுடலை நிறுப்பது ஊரார் நாக்கு. "உடம்பு வைத்து நன்றாயிருக்கிறாய்" என்று ஒரு நாக்கு வாழ்த்துகிறது. "தின்று ஊதிவிட்டாள்" என்று மறு நாக்கு பழிக்கிறது. இவ்விரண்டுக்குமிடையே, தன் உடலைத் தானே அறியும் உரிமையை அவள் இழந்து நிற்கிறாள்.

அந்த வாழ்த்து எங்கிருந்து பிறந்தது? 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுப் பங்கீடு சுருங்கிற்று. மாவின் விலை ஏறிற்று. தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. அன்று மெலிவு மரணத்தின் முன்னறிவிப்பு. அதைக் கண்ட தாய், மகளின் உடற்பருமனைக் கண்டு மகிழ்ந்தாள். அது அறியாமையன்று; அனுபவம்.

ஆனால் காலம் மாறிவிட்டது. மெலிந்த பிள்ளையும் பருத்த தாயும் ஒரே லயத்தில் வாழக் காண்கிறோம். கோதுமை ரொட்டியும் சீனி மிகுந்த தேநீரும் வயிற்றை நிரப்பும், உடலைப் பேணா. மலையேறுவதை விட்டு வீட்டோடிருக்கும் பெண்ணை நீரிழிவும் இரத்த அழுத்தமும் ஓசையின்றி அணுகுகின்றன. ஆசிய மக்களுக்கு உடல்நிறைச் சுட்டெண் 23ஐ எட்டும்போதே ஆபத்து கூடத் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு 2004இல் அறிவித்தது. ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு அது ஏறத்தாழ 53 கிலோ. ஊரார் கண்ணுக்கு அவள் பருத்தவளாகவே தோன்றமாட்டாள்!

எதிரியின் வாக்கைக் கேளாமல் தீர்ப்பளிக்கலாகாது என்பது சட்டத்தின் பாலபாடம். வைத்தியசாலையில் மட்டும் அவ்விதி இல்லையா? "ஏன் இப்படிப் பெருத்தாய்?" என்று ஏசி அனுப்பப்பட்ட பெண், காலில் புண் வந்த பின்னரே திரும்பி வருகிறாள். பருமனைச் செழிப்பென்று நம்பும் பெண்ணோ வருவதே இல்லை. ஆகவே, "உன் உடலைப் பற்றி நீ என்ன எண்ணுகிறாய்?" என்பதே முதற் கேள்வியாகட்டும். பதிலைக் கேட்ட பின் மருந்தும் அறிவுரையும் வரட்டும்.

நாம் கோருவது சலுகையன்று. தோட்டந்தோறும் எடை பார்க்கும் கருவியும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். முடிவை அவள் தாய்மொழியாம் தமிழிலே, மரியாதையோடு எடுத்துரைக்க ஆள் வேண்டும். கொழுந்தின் நிறையில் ஒரு கிலோ குறைத்தெழுதினால் கொதித்தெழும் தாய்மார்களே! உங்கள் உடலின் கணக்கையும் கேட்டுப் பெறுங்கள். அது வெட்கமன்று, உரிமை!