தயிர்சாதமும் பிள்ளைக் குழந்தையும்

(கோலார் தங்கவயல், ராபர்ட்சன்பேட்டையில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"கர்ப்பிணிகளுக்கான ஆகாரம்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அதை நான் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டு, கர்ப்பம் தரிப்பதற்கு முன்னால் சாப்பிடும் ஆகாரத்தைப் பற்றிப் பேச உத்தேசித்திருக்கிறேன். காரணம் உண்டு. இந்த ஊரில் முப்பது வருஷத்துக்கு மேல் பிரசவம் பார்த்தவள் நான். என்னிடம் மெல்லிய குரலில், கதவைச் சாத்திவிட்டுக் கேட்கப்படும் கேள்வி ஒன்று இருக்கிறது. "டாக்டர், பிள்ளையாப் பொறக்கணும்னா என்ன சாப்பிடணும்?" கேட்பவர் பெரும்பாலும் மாட்டுப்பெண் அல்ல. கூட வந்திருக்கும் மாமியார். சில சமயம் அந்தப் பெண்ணைப் பெற்ற அம்மாவே கேட்பதும் உண்டு.

இது இன்று நேற்று வந்த ஆசை இல்லை. ப்ருஹதாரண்யக உபநிஷத்தின் ஆறாவது அத்தியாயத்தில், எப்படிப்பட்ட குழந்தை வேண்டுமோ அதற்குத் தகுந்தபடி தம்பதிகள் என்ன சமைத்துச் சாப்பிட வேண்டும் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறது. வெளுத்த நிறத்தில், ஒரு வேதம் கற்கும் பிள்ளை வேண்டுமானால் பாலில் வேகவைத்த அன்னம். இரண்டு வேதம் கற்பவன் வேண்டுமானால் தயிர் அன்னம். மூன்று வேதம் வல்ல, கறுத்த பிள்ளைக்குத் தண்ணீரில் வடித்த வெறும் அன்னம். எல்லாவற்றிலும் நெய் உண்டு. ஐந்தாவது ஒன்றும் இருக்கிறது. அது நம் அடுக்களைக்குள் வராத பதார்த்தம் என்பதால் விட்டுவிடுகிறேன். நான்காவதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். படித்த, பண்டிதையான, பூர்ண ஆயுள் உள்ள பெண் குழந்தை வேண்டும் என்று ஆசைப்படும் தம்பதிகளுக்கு எள் அன்னம். ஆக, பெண் குழந்தை வேண்டும் என்று விரும்பி அதற்காகச் சமைத்துச் சாப்பிடுகிற தம்பதிகளும் அந்தக் காலத்தில் இருந்திருக்கிறார்கள். பாஷ்யம் எழுதிய ஆதிசங்கரர் அந்தப் பாண்டித்யத்தை வீட்டு நிர்வாகப் பாண்டித்யம் என்று சுருக்கிவிட்டார் என்பது வேறு விஷயம். மூலத்தில் அப்படி ஒரு வரையறை இல்லை.

இப்போது பாரிஸுக்கு வாருங்கள். 1980-ல் ஸ்டோல்கோவ்ஸ்கி, லொரைன் என்ற இருவர் ஒரு மருத்துவப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார்கள். உப்பும் பொட்டாசியமும் அதிகமாகவும் கால்சியமும் மக்னீசியமும் குறைவாகவும் சாப்பிட்டால் ஆண். அதைத் தலைகீழாக்கினால் பெண். பத்தில் சுமார் எட்டுப் பேருக்குப் பலித்தது என்றார்கள். அதிலிருந்து கிளம்பியதுதான் இன்று கைக்குக் கை மாறும் எல்லா அட்டவணைகளும். பிள்ளை வேண்டுமா, பால், தயிர், மோரை விடு. உப்பு, ஊறுகாய், அப்பளம், வாழைப்பழம், உருளைக்கிழங்கு சாப்பிடு. பெண் வேண்டுமா, பாலும் தயிரும் தாராளமாக எடுத்துக்கொள், உப்பைக் குறை.

உபநிஷத்தில் தயிர் அன்னம் பிள்ளைக்கு. பிரெஞ்சு அட்டவணையில் தயிர் பெண்ணுக்கு. நம் வீடுகளில் தயிர்சாதத்துக்கு மாவடு தொட்டுக்கொண்டு இரண்டையும் ஒரே வாயில் போட்டுக்கொள்கிறோம். நமக்கு என்ன பிறக்க வேண்டும்?

சிரிப்பு இருக்கட்டும். விஷயம் என்னவென்றால், குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனின் விந்தணு. தாயின் கருமுட்டையில் எக்ஸ் குரோமோசோம் மட்டும்தான் உண்டு. விந்தணுவில் எக்ஸும் வரலாம், ஒய்யும் வரலாம். ஒய் வந்தால் பிள்ளை. சிவசமுத்திரத்திலிருந்து நம் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது 1902-ல். அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1905-ல், நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி மாவுப்புழுக்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து இதைக் கண்டார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நம்மில் பலர் அட்டவணையை மாட்டுப்பெண்ணின் தட்டுக்குத்தான் நீட்டுகிறோம், பிள்ளையாண்டானின் தட்டுக்கு அல்ல.

தாயின் ரத்தத்தில் உப்பு கூடினால், கால்சியம் குறைந்தால், கருமுட்டை ஒய் விந்தணுவைத்தான் ஏற்கும் என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். உடம்பு அப்படி வேலை செய்வதில்லை. நீங்கள் எவ்வளவு உப்புச் சாப்பிட்டாலும் சிறுநீரகம் அதிகப்படியை வெளியே தள்ளி ரத்தத்தின் அளவை ஒரு சின்ன எல்லைக்குள் வைத்துவிடும். கால்சியம் உள்ளே வராவிட்டால் எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்தில் சேர்த்துவிடும். கருமுட்டைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. நஷ்டம் எலும்புக்கு.

"அப்படியானால் எங்கள் ஒன்றுவிட்ட அக்காவுக்குப் பலித்ததே?" என்று ஒருவர் கேட்பார். பலிக்கத்தான் செய்யும். எதுவுமே செய்யாவிட்டாலும் நூறு பெண் குழந்தைகளுக்குச் சுமார் நூற்றைந்து ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. நான் நூறு குடும்பங்களுக்கு அட்டவணை விற்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது குடும்பத்துக்கு மேல் ஸ்வீட் பாக்ஸோடு வருவார்கள். மற்றவர்கள் வரமாட்டார்கள், வந்தால், "என்றைக்கோ ஒரு நாள் மோர் குடித்திருப்பீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிடலாம். பணம் வாபஸ் என்று எழுதிக் கொடுத்தால்கூட எனக்குப் பாதிப் பணம் லாபம்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. நம் சுரங்கத்தில் தங்கம் மட்டும் தோண்டவில்லை. 1965-ல் டாடா ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவை இங்கேதான் பிடித்தார்கள். அப்புறம் 1980-களில் அவர்களும் ஜப்பானியப் பேராசிரியர்களும் சேர்ந்து, 2,300 மீட்டர் ஆழத்தில் 140 டன் எடையுள்ள கருவியை வைத்துக்கொண்டு, புரோட்டான் தானாக உடைகிறதா என்று வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். உடைந்தது போலச் சில தடயங்கள் தெரிவதாக அறிவித்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இதைவிடப் பெரிய கருவிகளோடு தேடினபோது ஒன்றும் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. அதில் நம் விஞ்ஞானிகளுக்கு ஒரு குறைவும் இல்லை. எண்ணிக்கை கொஞ்சமாக இருந்தால் எது நிஜம், எது தற்செயல் என்று பிரிக்க முடியாது. பெரிய கருவி வைத்து இன்னொருவர் தேடிப் பார்க்க வேண்டும். அவ்வளவு பெரிய சோதனைக்கே அந்தக் கதி என்றால், ஒன்றுவிட்ட அக்காவின் ஒற்றைப் பிரசவத்தை வைத்து என்ன சொல்ல முடியும்?

வெளிநாட்டிலும் இந்தத் தடுமாற்றம் உண்டு. 2008-ல் பிரிட்டனில் முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 740 பெண்களை விசாரித்து, கருத்தரிக்கும் சமயத்தில் அதிகமாகச் சாப்பிட்டவர்களில் 56 சதவீதத்தினருக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களில் 45 சதவீதத்தினருக்கும் பிள்ளை பிறந்தது என்று எழுதினார்கள். காலையில் தானியச் சிற்றுண்டி சாப்பிட்டால் பிள்ளை என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. அடுத்த வருஷமே அதே சஞ்சிகையில் வேறு புள்ளியியல் நிபுணர்கள் மறுத்தார்கள். 132 உணவுப் பொருள்களை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தால், அதில் ஒன்றிரண்டு தற்செயலாகவே பொருந்திப் போகும் என்றார்கள். மறுப்பை எந்தப் பத்திரிகையும் கொட்டை எழுத்தில் போட்டதாக எனக்கு நினைவில்லை.

"பலிக்காவிட்டால் போகிறது, சாப்பிட்டுப் பார்ப்பதில் என்ன தோஷம்?" என்பது அடுத்த கேள்வி. நான் இன்று பேச வந்ததே இதற்காகத்தான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பெண் வந்தாள். அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். பெங்களூரில் உத்தியோகம், புக்ககம் இந்தப் பக்கம். முதல் குழந்தை பெண். இரண்டாவதற்காக யாரோ கொடுத்த அட்டவணைப்படி எட்டு மாதமாகப் பால், தயிர், மோர், கீரை எதையும் தொடவில்லை. நம் அகத்துப் பெண், முட்டையும் கிடையாது. உள்ளங்கால் மதமதப்பு, நாக்கில் புண், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ரத்தத்தைப் பார்த்தால் பி-12 மிகவும் குறைவு. இன்னும் கருவே தரிக்கவில்லை. கூட வந்த மாமி நல்லவர், மாட்டுப்பெண்ணிடம் பிரியமாகத்தான் இருந்தார். "உப்புப் போட்டுச் சாப்பிடச் சொன்னேன், வேறென்ன சொன்னேன்?" என்று என்னையே கேட்டார். அந்தப் பெண் எதுவும் பேசவில்லை, கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சைவ உணவுக்காரர்களுக்கு பி-12 கிடைக்க ஏறக்குறைய ஒரே வழி பாலும் தயிரும்தான். அரிசியில், பருப்பில், காய்கறியில் அது இல்லை. அசைவம் சாப்பிடும் பிரெஞ்சுப் பெண் தயிரை விட்டால் அவளுக்கு வேறு வழி இருக்கிறது, நமக்கு இல்லை. பி-12 குறைந்த தாயின் குழந்தைக்கு மூளையும் நரம்பும் சரியாக வளர்வதில் சிக்கல் வரலாம். கால்சியம் குறைவாகச் சாப்பிடும் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் ரத்தக்கொதிப்பு வரும் அபாயம் அதிகம் என்பதால்தான் உலக சுகாதார நிறுவனம் அப்படிப்பட்ட இடங்களில் கால்சியம் மாத்திரை கொடுக்கச் சொல்கிறது. நாம் அந்தக் கால்சியத்தையும் நிறுத்திவிட்டு, உப்பைக் கூட்டி வைக்கிறோம்.

அந்தப் பெண்ணுக்கு மருந்து கொடுத்து, தயிர்சாதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அப்புறம் என்ன குழந்தை பிறந்தது என்று கேட்பீர்கள். சொல்லப்போவதில்லை. சொன்னால் இங்கிருந்து இன்னொரு அட்டவணை கிளம்பிவிடும்.

ஆகாரத்தோடு நிற்காமல் மருந்துக்கும் போகிறார்கள். ஹரியானாவில் பிள்ளை பிறக்கக் கொடுக்கப்படும் நாட்டு மருந்துகளைப் பற்றி ஆராய்ந்தவர்கள், அவற்றைச் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்குப் பிறவிக் குறை ஏற்படும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு என்று 2015-ல் எழுதினார்கள்.

பும்ஸவனத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆலமொட்டை அரைத்து வலது மூக்கில் பிழியும் அந்தக் கர்மா சாஸ்திரப்படி மூன்றாம் மாதம். நம் வீடுகளில் இன்று சீமந்தத்தோடு சேர்த்தே செய்துவிடுகிறோம். அதற்குள் குழந்தை ஆணா பெண்ணா என்பது தீர்ந்துபோன விஷயம். ஆசீர்வாதமாகச் செய்யுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒன்று. பிள்ளை வேண்டிச் செய்யும் அந்தக் கர்மாவில் ஆலமொட்டை அரைக்க ஒரு சின்னப் பெண் குழந்தை வேண்டும். வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டிலிருந்து அழைத்து வருகிறோம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1994-ல் வந்த சட்டம் 2003-ல் திருத்தப்பட்டபோது, கருத்தரிப்பதற்கு முன் பாலினம் தேர்ந்தெடுப்பதும் குற்றமாயிற்று. விஞ்ஞான முறையானாலும் வேறு எந்த முறையானாலும் விளம்பரம் செய்தால் மூன்று வருஷம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். மகாராஷ்டிரத்தில் ஒரு பிரபல கீர்த்தனக்காரர், இரட்டைப்படைத் தேதியில் சேர்ந்தால் பிள்ளை, ஒற்றைப்படையில் பெண் என்று மேடையில் பேசியதற்காக அவர்மீது வழக்கு வந்தது. அவ்வழக்கு நடக்கலாம் என்று 2023 ஜூனில் மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை சொன்னது. மனு ஸ்ம்ருதியில் உள்ளதைத்தானே சொன்னார் என்று நீங்கள் கேட்கலாம். மேடையில் சொல்வதற்கு முன் வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனையும் யாருக்காக? 2011 கணக்கெடுப்பில், ஆறு வயது வரை உள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு நாடு முழுவதும் 919 பெண் குழந்தைகள்தான். நம்மவர் நிலை என்ன? முப்பதிலிருந்து நாற்பது வயதுக்குள் நாற்பதாயிரம் பிள்ளைகளுக்கு மேல் பெண் கிடைக்காமல் இருக்கிறார்கள் என்று தமிழ்நாடு பிராமணர் சங்கத் தலைவர் என். நாராயணன் 2021 நவம்பரில் எழுதினார். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் பெண் தேட ஏற்பாடு செய்தார்கள். இந்தச் சபையிலேயே கையில் ஜாதகத்தோடு வந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இடைவேளையில் என்னிடமே இரண்டு பேர் கேட்டார்கள். அதே வீடுகளில் அட்டவணையும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

இனி, கர்ப்பத்துக்கு முன்னால் ஆகாரம் நிஜமாகவே எதைச் செய்யும் என்று சொல்லி முடிக்கிறேன். கரு உண்டாகி நான்கு வாரத்துக்குள் குழந்தையின் முதுகுத்தண்டுக் குழாய் மூடிவிடுகிறது. பல பெண்களுக்கு அப்போது கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது. அதனால் ஃபோலிக் அமிலம், தினம் 400 மைக்ரோகிராம், குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே சாப்பிட வேண்டும். முதல் குழந்தைக்கு முதுகுத்தண்டுக் குறை இருந்திருந்தால் அளவு அதிகம்; டாக்டரைக் கேளுங்கள். பி-12, ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை நான்கையும் கல்யாணமான புதிதிலேயே பார்த்துவிடுங்கள். பிள்ளையாண்டான் புகையையும் குடியையும் விட வேண்டும். கணக்கில் அவனும் சேர்த்தி.

முன் வரிசையில் ஒரு மாமி, "அந்த எள் அன்னம் சாப்பிடலாமா, எள் சூடாச்சே?" என்று கேட்கிறார். தாராளமாகச் சாப்பிடலாம். எள்ளில் கால்சியம் நிறைய இருக்கிறது. வறுத்துப் பொடித்து, நெய் விட்டு, வாரத்தில் ஒரு நாள் பண்ணுங்கள். தொட்டுக்கொள்ள அப்பளம் ஒன்று போதும்.